ஏழாம் அடியும் என் வலது முழங்காலும்

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் நடுவில் பேச வராது. இறங்கும் இடம் வந்துவிட்டது என்று நடத்துநரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்டவள் மனித உடம்பின் மூட்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் ஏதாவது தவறாக இருந்தால் அது நான் வேலை செய்யும் இடத்து டாக்டரின் தவறு அல்ல. நான் காதில் வாங்கிக்கொண்ட விதத்தின் தவறு.

நான் வேலை செய்வது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சிறிய பிசியோதெரபி கிளினிக்கில். கருமத்தம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். காலையில் திறந்து கூட்டித் துடைப்பது, மெத்தை விரிப்புகளை மாற்றுவது, ஒத்தடத்துக்கு வெந்நீர் வைப்பது, வருகிறவர்களின் பெயரையும் எந்த மூட்டு என்பதையும் பதிவேட்டில் எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. பதிவேட்டில் கடைசிக் கட்டம் ‘வலி உண்டா?’ என்பது. அதையும் நான்தான் கேட்டு எழுதுவேன்.

அறையின் மூலையில் ஒரு எலும்புக்கூடு இருக்கிறது. பிளாஸ்டிக்தான், ஆனால் ஆள் உயரம். சக்கரம் வைத்த இரும்புக் கம்பியில் தலையைக் கொடுத்துத் தொங்கும். அதைத் தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முதல் வாரம் அதன் முகத்தைப் பார்க்காமல் துடைத்தேன். இரண்டாவது வாரம், ‘ஏனுங்க, கொஞ்சம் கையைத் தூக்குங்க’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு துடைத்தேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது.

மூட்டுகளை நான் கற்றுக்கொண்டது அந்தத் துணியால்தான். பள்ளியில் அசையும் மூட்டு, அசையா மூட்டு என்று மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். அப்போது அது வெறும் எழுத்து. எலும்புக்கூட்டைத் துடைக்கும்போது துணி எங்கே சிக்குகிறதோ அங்கே ஒரு மூட்டு இருந்தது. தலை ஓட்டில் கோணல்மாணலாகக் கோடுகள் ஓடும். முதல்முறை பார்த்தபோது விரிசல் என்று நினைத்து, நான் உடைத்துவிட்டதாகச் சொல்வார்களோ என்று பயந்துபோனேன். பிறகுதான் டாக்டர் சொன்னார், அவையும் மூட்டுகளாம். இரண்டு துணியை வைத்துத் தைத்த மாதிரி எலும்பும் எலும்பும் பல்லுப் பல்லாகக் கோர்த்துக்கொண்டிருக்கின்றன. அசையாது, அசையவும் கூடாது. தலையில் நன்றாக அசைவது தாடை ஒன்றுதான். என் விஷயத்தில் அதுவும் அதிகம் அசைவதில்லை.

கழுத்தில் மேலிருந்து இரண்டாவது எலும்பில் முளை போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. முதல் எலும்பு வளையம் போல அதைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. நாம் ‘மாட்டேன்’ என்று தலையாட்டுவது அந்த முளையில்தான். தோளில் பந்தும் கிண்ணமும். ஆனால் கிண்ணம் ஆழமில்லை, சின்ன ஊறுகாய்த் தட்டு அளவுதான். அதனால் கை எல்லாப் பக்கமும் சுற்றும், அதனாலேயே சுலபமாக நழுவியும் விடும். இடுப்பிலும் பந்தும் கிண்ணமும்தான், ஆனால் கிண்ணம் ஆழம். அங்கே சுற்றுவது குறைவு, சுமப்பது அதிகம். முழங்கையும் முழங்காலும் கதவுக் கீல் மாதிரி ஒரு பக்கம்தான் மடங்கும். மணிக்கட்டில் கூழாங்கல் போல எட்டுத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகின்றன. கட்டைவிரலின் அடியில் உள்ளது சேண மூட்டு. குதிரைமேல் உட்கார்ந்தவர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்கிற மாதிரி அது சாயும். என் வீட்டுக்காரர் விசைத்தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போடும்போது பார்த்திருக்கிறேன், அந்த ஒரு மூட்டை வைத்துத்தான் எங்கள் வீட்டில் இருபத்தைந்து வருடமாக அடுப்பு எரிகிறது. அவரிடம் இதைச் சொன்னேன். “அப்ப அதுக்கு ஒரு பொட்டு வெச்சுக் கும்பிடு, என்னையக் கும்பிடாட்டியும் செரி” என்றார்.

டாக்டர் தெற்குச் சீமைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை அக்கா என்பார், நான் மேடம் என்பேன். வந்த புதிதில் அவருக்கு எங்கள் ஊர் ஆட்களிடம் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. தோள் இறுகிப்போனவரின் கையைத் தூக்கிக்கொண்டே “வலிக்குதா?” என்று கேட்பார். அவர், “இல்லீங்க, பரவால்லீங்க” என்பார். டாக்டர் இன்னும் தூக்குவார். அவர் கண்ணில் தண்ணீர் வரும். அப்போதும், “பரவால்லீங்க மேடம், நீங்க பாருங்க” என்பார். வலிக்கிறது என்று சொன்னால் டாக்டர் மனம் நோகும் என்று நினைக்கிற ஜனம். ஒருநாள் நான்தான் தயங்கித் தயங்கி டாக்டரிடம் சொன்னேன்.

“மேடம், எங்க ஊர்ல ‘கொஞ்சம் நோவுதுங்க’ன்னா ரொம்ப வலின்னு அர்த்தமுங்க. ‘பரவால்லீங்க’ன்னா தாங்க முடியலைன்னு அர்த்தமுங்க.”

“அப்போ நிஜமாவே வலிக்கலைன்னா என்ன சொல்லுவாங்க?”

“அப்பவும் பரவால்லீங்கதானுங்க.”

அதற்குப் பிறகு டாக்டர் வாயைக் கேட்பதை விட்டுவிட்டுக் கால்விரலைப் பார்க்க ஆரம்பித்தார். எந்த மூட்டில் வலி என்றாலும் ஆளுக்குக் கால்விரல் மடங்கிக்கொள்ளும். அதுவும் ஒரு அளவுதான். இன்னொரு அளவு, கோணமானி மாதிரி ஒரு கருவி. பள்ளிக்கூட ஜாமென்ட்ரி பாக்ஸில் இருப்பதுபோல, ஆனால் இரண்டு நீளக் கைகள் வைத்தது. அதை மூட்டின்மேல் வைத்து எத்தனை டிகிரி மடங்குகிறது என்று சொல்லுவார், நான் பதிவேட்டில் எழுதுவேன்.

எலும்புக்கூட்டை நான் ஒருமுறை கீழே தள்ளியிருக்கிறேன். ஜன்னல் திரையைக் கழற்றும்போது முழங்கை பட்டுச் சாய்ந்துவிட்டது. வலது கால் முழங்காலோடு கழன்று, அதன் திருகாணி எங்கேயோ உருண்டுபோனது. டாக்டர் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தறி நூல் இருந்தது, ஏதாவது கட்டுவதற்கு எப்போதும் கொஞ்சம் வைத்திருப்பேன். அதை நாலு பிரியாக முறுக்கி, காலைத் தொடையோடு கட்டித் தொங்கவிட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. மதியம் ஒரு நோயாளிக்கு விளக்குவதற்காக டாக்டர் எலும்புக்கூட்டின் காலைத் தூக்கி மடக்கினார். கால் முன்பக்கமாக மடங்கியது. கொக்கு மாதிரி.

நோயாளி பயந்துபோய், “எனக்கு இந்த மாதிரி ஆயிருக்குதுங்களா மேடம்?” என்று கேட்டார்.

அவர் போன பிறகு டாக்டர் முடிச்சைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உடைஞ்சா சொல்லுங்க அக்கா. நீங்களாக் கட்டி வைக்காதீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் “செரிங்க மேடம்” என்றேன். ஒரு மாதம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இனி நான் கும்மி ஆடப் போன கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் இப்போது ஊருக்கு ஊர், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளிக்கும்மி நடக்கிறது. ஆசிரியர் ஒருவர் வந்து இரண்டு மாதம் போல மாலையில் பழக்குவார். பழகி முடிந்ததும் கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். பெண்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலை கட்டி வட்டமாக நின்று ஆடுவார்கள், நூறு பேருக்குக் குறையாது. எங்கள் ஊரில் ஆரம்பித்தபோது அடுத்த வீட்டுப் பெண், என்னைவிட நாலு வயது சின்னவள், வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

“ஏனுங்கக்கா, பேரு குடுத்துப்போட்டேன்.”

“குடு கண்ணு. நல்லா ஆடு.”

“என்ற பேரு போன வாரமே குடுத்தாச்சுங்க. இது உங்க பேரு.”

பள்ளி ஆண்டு விழாவில் ஒரு நடனத்தில் என்னைச் சேர்த்தார்கள். திரை விலகும்போது நான் கழிப்பறையில் இருந்தேன். கல்யாண வீடுகளில் வெங்காயம் உரிக்கும் இடத்தில் உட்கார்ந்து, பந்தி முடிந்து, அப்படியே பின்வழியாக வந்துவிடுவேன். பத்தாம் வகுப்பு புகைப்படத்தில் என் பாதி முகம்தான் இருக்கும். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. எனக்கு நேரமில்லை என்று மட்டும் சொன்னேன்.

“நூத்தியிருவது பேருக்கு நடுவுல உங்களை ஆரு பாக்கப் போறாங்க? எல்லாரும் ஒரே சேலை. ஒளிஞ்சுக்கறதுக்கு இதைய உட நல்ல எடம் இல்லீங்கக்கா.”

அந்த வார்த்தைதான் என்னைக் கொண்டுபோனது. ஒரு மாதத்தில் எனக்குப் பிடித்துப்போயிற்று என்று சொன்னால் என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. நூற்றியிருபது பேரும் ஒரே நேரத்தில் கை தட்டும்போது, என் தட்டு எது என்று எனக்கே தெரியாது. அது பெரிய நிம்மதி. பிறந்ததிலிருந்து நானாக ஆசைப்பட்டுச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று தோன்றியது. அரங்கேற்றத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்த இரண்டு மாதமும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆசிரியர் மரியாதைக்காரர். எண்ணும்போதுகூட, “ஒண்ணுங்க, ரெண்டுங்க, மூணுங்க, அப்படியே திரும்புங்க” என்பார். அடுத்த வீட்டுப் பெண் என் காதில், “நாலுக்கு மட்டும் மரியாதை இல்லையாட்ட இருக்குதுங்கக்கா, விட்டுட்டாரு பாருங்க” என்பாள். அடிகளுக்கு அவர் எண் வைத்திருந்தார். எனக்கு அடிகள் மூட்டுகளாகத்தான் ஞாபகம் இருந்தன. முதல் மூன்று அடி முழங்கையும் மணிக்கட்டும். நாலாவது தோள், கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். ஐந்தாவது இடுப்பு. ஆறாவது கழுத்து, முளையில் இடதும் வலதும் திரும்ப வேண்டும். ஏழாவது முழங்கால்.

அந்த ஏழாவது அடியைச் சொல்லிவிடுகிறேன். வலது காலை முன்னால் வைத்து, முழங்காலை முழுக்க மடக்கிக் குனிந்து, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். எழும்போதே அரைச்சுற்றுத் திரும்பி, மறுபடியும் குனிய வேண்டும். இப்படிப் பதினாறு முறை. நூற்றியிருபது பேரும் ஒன்றாகக் குனிவதுதான் பார்ப்பவர்களுக்கு அழகு. கைபேசியில் படம் எடுப்பவர்கள் அந்த அடிக்குத்தான் காத்திருப்பார்கள்.

ஐந்தாவது வாரம் என் வலது முழங்கால் நோக ஆரம்பித்தது. படியில் இறங்கும்போது ஊசி குத்துவது போல. பிறகு பேருந்தில் உட்கார்ந்து எழும்போது. பிறகு சும்மா இருக்கும்போதும். காலையில் டாக்டர் வந்ததும், “நல்லாருக்கீங்களா அக்கா?” என்று கேட்பார். நான்கு வருடமாகத் தினமும் கேட்கிறார். நானும், “நல்லாருக்கேனுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, வெந்நீர் வைக்கப் போய்விடுவேன். மூட்டு வலிக்கென்றே இருக்கிற இடத்தில் மூட்டு வலியோடு நடமாடிக்கொண்டிருந்தேன். சொன்னால் கும்மிக்குப் போகாதே என்பார். கும்மிக்குப் போவதையே நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்த நாட்களில் தாராபுரத்திலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் உடைந்து, பல வாரம் மாவுக்கட்டில் இருந்தவர். கட்டுப் பிரித்த பிறகு முழங்கால் மடங்கவில்லை. டாக்டர் அவரிடம், “நல்லா முழுசா மடக்குங்கண்ணே. கொஞ்சம் வலிச்சாலும் விடாதீங்க. தினமும் ஐம்பது தடவை” என்று சொன்னார். நான் திரைக்கு இந்தப் பக்கம் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். முழங்கால் கீல் மூட்டு, கீல் துருப்பிடித்தால் ஆட்டி ஆட்டித்தான் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குள்ளே கணக்குப் போட்டுக்கொண்டேன். அவர் ஐம்பது செய்தால் நாம் நூறு செய்வோம், அரங்கேற்றத்துக்குள் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன்.

தினமும் காலையில் பாத்திரம் கழுவும் மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே பார்த்தார்.

“ஏம்புள்ள, பள்ளிக்கோடத்துல போடாத தோப்புக்கரணத்தையெல்லாம் இப்பப் போடறயா?”

“கும்மிக்குப் பழகறேனுங்க.”

“மூஞ்சி அப்படித் தெரியலயே. வாத்தியாரு பிரம்பு வெச்சுட்டு நிக்கற மாதிரியல்லோ இருக்குது.”

பத்தே நாளில் முழங்கால் வீங்கி, எலும்பின் விளிம்பே தெரியாமல் பன் மாதிரி ஆகிவிட்டது. சேலைக்குள் யாருக்குத் தெரியப் போகிறது. அரங்கேற்றத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

ஒரு புதன்கிழமை மதியம். எலும்புக்கூட்டின் பாதத்தைத் துடைக்கத் தரையில் உட்கார்ந்தேன். பாதத்தில் சின்னச் சின்ன எலும்புகள், இடுக்கில் தூசி அதிகம். துடைத்துவிட்டு எழப் பார்த்தால் கால் வரவில்லை. பிடித்துக்கொள்ளக் கைக்கு எட்டியது எலும்புக்கூட்டின் கைதான். அதைப் பிடித்து எழுந்தேன். கம்பியின் கீழே சக்கரம். எலும்புக்கூடு என்னை இழுத்துக்கொண்டு மெத்தை வரைக்கும் போய் இடித்து நின்றது. சத்தம் கேட்டு டாக்டர் வந்தபோது, நான் தரையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன், எலும்புக்கூடு என் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது.

“என்னக்கா இது? எங்க வலிக்குது?”

“வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். சும்மா ஒரு புடிப்புங்க.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு நாளாங்க.”

டாக்டர் குனிந்து என் கால்விரல்களைப் பார்த்தார். ஐந்தும் மடங்கியிருந்தன. “உங்க ஊர்க் கணக்குல ரெண்டு நாள்னா எத்தனை வாரம்?” என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. வலிக்காக அழவில்லை. டாக்டர் என்னை மெத்தையில் படுக்கவைத்து, முட்டிச்சில்லை விரலால் அழுத்திப் பார்த்தார். அது உள்ளே போய், தண்ணீரில் மிதக்கும் மூடி போல மேலே வந்தது. நான்கு வருடம் விரிப்பு மாற்றியிருக்கிறேன், அந்த மெத்தையில் அன்றைக்குத்தான் படுத்தேன். மேலே மின்விசிறியின் இறக்கைகளில் அவ்வளவு தூசி இருந்தது. துடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“என்ன பண்ணீங்க?”

தாராபுரத்துக்காரருக்குச் சொன்னதை நான் செய்ததைச் சொன்னேன். டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தாராபுரத்துக்காரர் காலில் மூட்டு சும்மா கிடந்து இறுகியது. என் காலில் மூட்டு உள்ளே தேய்ந்து, புண்பட்டு, நீர் கோத்திருக்கிறது. மூட்டு ஒன்றுதான், சீக்கு வேறு. டாக்டர் எலும்புக்கூட்டை இழுத்துவந்து நிறுத்தி எனக்குக் காட்டினார்.

“இதுல இருக்கிறது எலும்பு மட்டும்தாங்க்கா. நிஜ முழங்கால்ல எலும்பு நுனியில நுங்கு மாதிரி வழுவழுன்னு குருத்தெலும்பு இருக்கும். நடுவுல பிறை மாதிரி ரெண்டு மெத்தை இருக்கும். வழுக்கறதுக்கு ஒரு திரவம். எல்லாத்தையும் சேர்த்து ஒரு பை. இந்த பொம்மையில அதெல்லாம் கிடையாது. நீங்க இதைப் பாத்துட்டுக் கதவுக் கீல்னு நினைச்சுட்டீங்க. முழங்கால் மடங்கும்போது கொஞ்சம் வழுக்கவும் செய்யும், கொஞ்சம் திரும்பவும் செய்யும். முழுசா மடக்கி, மொத்த எடையையும் அதுமேல போட்டு, அப்படியே திருகினா அந்த மெத்தைதான் மாட்டும்.”

மடக்கி, எடையைப் போட்டு, திருகுவது. அப்படியே ஏழாவது அடி. நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“அப்பக் கும்மி ஆட முடியாதுங்களா மேடம்?”

“கும்மியா? யாரு?”

சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, “ஒவ்வொரு அடியாக் காமிங்க” என்றார். அந்தச் சின்ன அறையில் ஒற்றையாக, பாட்டு இல்லாமல், எலும்புக்கூட்டுக்கும் டாக்டருக்கும் முன்னால் கும்மி அடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கூச்சம் நான் பட்டதில்லை. ஆறு அடி வரைக்கும் டாக்டர் தலையாட்டினார். ஏழாவதை நான் பாதி மடக்கும்போதே, “போதும், நில்லுங்க” என்றார்.

எலும்பு டாக்டரிடம் அனுப்பிப் படம் எடுத்தார்கள். முழங்கால் மெத்தை பெரிதாகக் கிழியவில்லை, தேய்மானம்தான். இரண்டு வாரம் கும்மிக்குப் போகாமல் ஐஸ் வைத்து, துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் கொடுத்து அழுத்தும் பயிற்சி செய்தேன். கடைசியில் டாக்டர் சொன்னது இதுதான்: மற்ற அடிகளை மெதுவாக ஆடலாம். ஏழாவது அடி கூடாது. நின்றுகொண்டு கையை மட்டும் தட்டலாம்.

கேட்பதற்கு நல்ல செய்தி. ஆனால் யோசித்துப் பாருங்கள். நூற்றியிருபது பேரும் தரைக்குக் குனியும்போது ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒளிந்துகொள்ள நல்ல இடம் என்றுதான் நான் அங்கே போனேன்.

ஆசிரியரிடம் சொல்ல அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“வேண்டாம்னு சொல்லலீங்க. ஆனா வீடியோவுல பல்லு ஒண்ணு நீட்டிட்டு இருக்கற மாதிரித் தெரியுமுங்க. அந்தப் பாட்டுக்கு மட்டும் வெளிய வந்து நின்னுக்கறீங்களா?”

“அதெப்படிங்க?” என்றாள் அவள். “நடுவுல எந்திரிச்சுப் போனா ஏதோ சண்டைன்னு நெனைப்பாங்க. அக்கா உள்ளயே நிக்கட்டுங்க.”

“அம்மணி என்னங்க சொல்றீங்க?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

பரவால்லீங்க என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அப்படிச் சொல்லியிருந்தால் வெளியே நின்றிருப்பேன். “உள்ளயே நிக்கறேனுங்க” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவள்தான் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்.

அரங்கேற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இலைப்பச்சைச் சேலை, அரக்கு பார்டர். சேலைக்குள் முழங்காலில் டாக்டர் கொடுத்த பட்டை. மைதானம் முழுக்க நாற்காலி, அவிநாசி ரோடு வரைக்கும் வண்டிகள். ஆறு அடி வரைக்கும் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது, நன்றாக இருந்தது. ஆசிரியர் மைக்கில் பாட்டை மாற்றினார். ஏழாவது அடி வந்தது.

எல்லோரும் குனிந்தார்கள். என்னைச் சுற்றி இருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கிவிட்டன. நான் மட்டும் மேலே இருந்தேன். நாற்காலியில் இருந்த எல்லா முகங்களும் எனக்குத் தெரிந்தன, என்னையும் அவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கைபேசிகள் தூக்கிய கைகள் தெரிந்தன. முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், “அந்தப் புள்ள அடி மறந்துபோட்டாளாட்ட இருக்குது” என்று சொன்னது நன்றாகக் கேட்டது.

என் காலடியில் குனிந்திருந்த அடுத்த வீட்டுப் பெண், குனிந்த வாக்கிலேயே இரண்டு தட்டுக்கு நடுவில், “மறக்கலீங்க, மொழங்காலுங்க!” என்று கத்தினாள். முன்வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தது. முதல்முறையாக என் தட்டு எது என்று எனக்குத் தனியாகக் கேட்டது. மற்றவர்களுடையது தரையிலிருந்து வந்தது, என்னுடையது மேலே இருந்தது.

மேலே இருந்து பார்த்தால் பச்சை முதுகுகள்தான் தெரிந்தன. ஒவ்வொரு முதுகிலும் நடுவில் எலும்புக் கோடு. அந்தக் கோட்டில் உள்ள மூட்டுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் அசையும். எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆள் வில்லாக வளைகிறார். இதை நான் கிளினிக் சுவரில் உள்ள படத்தில் எத்தனையோ முறை துடைத்திருக்கிறேன்.

ஒன்பதாவது முறையோ பத்தாவது முறையோ, வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் குனியாமல் நின்றுவிட்டார். பஞ்சாலைக்கு வேலைக்குப் போகிற அம்மா, என்னைவிடப் பெரியவர். இரண்டு மாதமும் என்னைவிட நன்றாகக் குனிந்தவர். ஒரு கையால் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அவரும் நின்றுகொண்டே தட்டினார்.

முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். “எனக்கு ஆறு மாசமா நோவுதுங்க. ஆருகிட்டயும் சொல்லலீங்க. நீங்க நிக்கறதப் பாத்துப்போட்டுத்தான் நானும் நின்னேன்” என்றார். கிளினிக் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பந்தலில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார், வெங்காயம் உரிக்கும் பக்கம் அல்ல, நடுவரிசையில்.

“எல்லாருங் குனிஞ்சாங்களா, அதனால உன்னையக் கண்டுபுடிக்கறது சுலுவாப் போச்சு” என்றார்.

மறுநாள் திங்கள்கிழமை. வழக்கமான பேருந்தில் போய்க் கிளினிக்கைத் திறந்தேன். நான் ஸ்டூலில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மின்விசிறியைத் துடைக்கக் கட்டிடத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். டாக்டர் வந்ததும் கருவியை என் முழங்காலில் வைத்துப் பார்த்தார். நூற்றுப்பத்து டிகிரி. வீக்கம் கூடவில்லை. பதிவேட்டில் எழுதச் சொன்னார். என் பெயரை எழுதி, வலது முழங்கால் என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதினேன். அதற்குள் தாராபுரத்துக்காரர் வந்துவிட்டார். கதவைத் திறந்துவிடப் போனேன்.